பேப்பரில் வந்த அண்ணன்

எங்கள் அம்மா உயிரோடு இருந்தவரை அவளை யாரும் படம் எடுத்ததில்லை. செத்த பிறகுதான் எடுத்தார்கள். சித்தூர் மிஷன் சபைக் குடும்பங்களில் அப்போது அதுதான் வழக்கம். பிரேதத்தைக் குளிப்பாட்டி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்கப் பின்னால் ஒரு துணியால் கட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்துவார்கள். கடைத்தெரு ஸ்டூடியோக்காரர் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அசையாதீர்கள் என்பார். அசையக்கூடாது என்று எங்களுக்குத்தான் சொல்லவேண்டியிருந்தது.

படத்தைத் தாளில் போட்ட பிறகு அவர் செய்யும் வேலைதான் முக்கியம். மூடிய இமைகளின் மேல் மெல்லிய தூரிகையால் கண் எழுதிக் கொடுப்பார். செத்தவர்களைக் கண் மூடிய கோலத்தில் சுவரில் மாட்டக்கூடாது என்பது எங்கள் ஊர் நியாயம். நன்றாகத்தான் எழுதுவார். ஒரே குறை, அவருக்கு ஒரு ஜோடிக் கண்தான் எழுதத் தெரியும். சபையில் எந்த வீட்டுக்குப் போனாலும், போன வருஷம் செத்த தாத்தாவும் அதற்கு முன் செத்த மருமகளும் ஒரே கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது அம்மா கண்ணே இல்லை, ஸ்டூடியோக்காரர் பெண்டாட்டி கண் என்று அண்ணன் கிண்டல் செய்வான். எனக்குச் சிரிப்பு வரும். அவன் வெளியே போனதும் பயமும் வரும். அந்த அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார என்னால் முடிந்ததில்லை.

அண்ணனுக்கு இடது கண் மாறுகண். ஒன்றரைக்கண்ணன் என்று பிள்ளைகள் கத்துவார்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதிர்ஷ்டம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று இந்தக் கண்ணுக்குத்தான் தெரியாது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்து ஊசி போடக் கற்றுக்கொண்டான். பிறகு அங்கே வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன். புரட்டாசியில் திருப்பதித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் காலரா ஊசி போட்டுக்கொண்டுதான் மலை ஏறவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. ஊசி போடத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். அண்ணன் கிளம்பினான். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், சபையின் உபதேசியார். விக்கிரகத் திருவிழாவில் போய் ஊழியம் செய்வதா என்று குதித்தார். காலரா சபைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டா வருகிறது என்று அண்ணன் கேட்டான். அப்படிக் கேட்டிருக்கவேண்டாம். எங்கள் நைனா பிரசங்க மேடையில் எவ்வளவு சாந்தமோ வீட்டில் அவ்வளவு கோபக்காரர்.

"போறதுன்னா போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

அண்ணன் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போனான். அந்த வருஷம் திருப்பதியில் காலரா வந்தது. ஊசியையும் மீறி வந்தது என்றார்கள், ஊசி போடாமல் சந்து பொந்தாகப் போனவர்களால் வந்தது என்றும் சொன்னார்கள். திருவிழா முடிந்து மற்ற ஊசிக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். அண்ணன் திரும்பவில்லை. அவன் யாரிடமும் வீட்டு விலாசம் கொடுக்கவில்லை. நைனா வீம்பை விட்டுத் திருப்பதிக்குப் போனபோது ஊசிக் கொட்டகைகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். ரேணிகுண்டா பக்கம் போனான் என்றார் ஒருவர். மதராஸுக்கு ரயிலேறினான் என்றார் இன்னொருவர். செத்தவர்களைப் பேர் தெரியாமல் ஒன்றாகப் போட்டு எரித்ததையும் ஒருவர் சொன்னார். நைனா வீட்டுக்கு வந்து முதல் இரண்டை மட்டும் என்னிடம் சொன்னார். மூன்றாவதை அவர் ஜுரத்தில் பிதற்றியபோதுதான் நான் கேட்டேன்.

இந்த நிலையில்தான் பேப்பர் வந்தது.

அந்தக் காலத்தில் பேப்பரில் வரும் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கலெக்டர் மாலையோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் தாசில்தார், முனிசிபல் சேர்மன் எல்லாரும் வரிசையாக விறைத்து நிற்பார்கள். பாலத்தைத் திறந்தாலும் அந்தப் படம்தான், பள்ளிக்கூடத்தைத் திறந்தாலும் அந்தப் படம்தான். பாலமும் பள்ளிக்கூடமும் படத்தில் இருக்காது. ஆனால் மதராஸிலிருந்து வந்த அந்த வாரப் பத்திரிகையில் இருந்த படம் வேறு மாதிரி. அலிபிரியில் மலையடிவாரத்து மண்டபம். தூணில் சாய்ந்தபடி மூன்று பேர். ஓரத்தில் இருந்தவன் தண்ணீர் குடிக்கிறான், தண்ணீர் மோவாயில் வழிகிறது. இன்னொருவன் எதையோ பார்த்து முகம் சுளிக்கிறான். யாரும் அவர்களை நிற்கவைக்கவில்லை, அசையாதே என்று சொல்லவில்லை. நடுவில் சாய்ந்திருந்தவன் மட்டும் நேராக நம்மைப் பார்த்தான். அவன் என் அண்ணன். கீழே அச்சடித்திருந்தார்கள்: 'காலராவிலிருந்து மீண்டவர்கள், திருப்பதி.'

நைனா சபை வாசகசாலையில் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். அண்ணன் கட்டிலைத் தட்டி வெயிலில் போடச் சொன்னார். அவனுக்குக் கோபம் ஆறவில்லை, அதனால்தான் வரவில்லை, நான் போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவான் என்றார். படத்தைக் கத்தரித்துச் சோற்றுப் பருக்கையால் அட்டையில் ஒட்டிக்கொண்டு மறுபடி திருப்பதிக்குப் போனார். சத்திரம் சத்திரமாக, கடை கடையாகக் காட்டினாராம். கால் வீங்கி, ஜுரத்தோடு திரும்பிவந்தார். அட்டையை அம்மா படத்துக்குக் கீழே ஆணியில் சாய்த்துவைத்தார்.

நான் அப்போதுதான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மேலே அம்மா, கீழே அண்ணன், இரண்டு முகத்திலும் ஒரே கண். மாறுகண் இல்லை. இடது கண் கொஞ்சமும் விலகாமல் என்னையே பார்த்தது. கண் நேராக இருக்கிறதே என்று நைனாவிடம் மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். பேப்பரில் அப்படித்தான் விழும் என்றார். பிறகு, அவனுக்கு எப்பவும் அம்மா கண்ணுதான் என்றார்.

நைனா முட்டாள் இல்லை. ஸ்டூடியோக்காரர் கண் எழுதுவது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அது நம் வீட்டுப் படம், நம்முடைய மரியாதை. பேப்பரில் வருவது நடந்தது. அச்சில் வந்ததை நம்பும் ஜனம் நாங்கள், வேதத்தையே அச்சில்தான் பெற்றோம். நானும் நம்பத்தான் பார்த்தேன். பகலில் டீச்சரம்மாவாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டே நம்புவேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த இரண்டு ஜோடிக் கண்ணும் என் நம்பிக்கையைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த அறையில் சோறு துன்ன முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்து துன்றேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். காற்றோட்டத்துக்காகவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நைனாவுக்கு எழுந்து நடக்க முடியவில்லை. படத்தை எடுத்தவனைக் கேட்டால் பையன் எங்கே போனான் என்று தெரியும், நீ போய்வா என்று என்னை அனுப்பினார். காலை ரயிலில் பாகாலா வழியாகத் திருப்பதி போனேன்.

படம் எடுத்தவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் காபி ஹோட்டல் மாடியில் படம் எடுக்கும் ஒரு ஜெர்மன் துரை இருக்கிறார் என்று குதிரைவண்டிக்காரரே சொன்னார். வெள்ளைக்காரர் எல்லாருமே எங்களுக்குத் துரைதான். ஆனால் அவரிடம் துரைத்தனம் ஒன்றும் இல்லை. கோட்டு முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. ஜன்னலில் கறுப்புக் காகிதம், தரையில் மண்பானைகளில் தண்ணீர், கழுத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமரா. நான் மிஷன் பள்ளி இங்கிலீஷில் பேசினேன். அவர் தன் ஊர் இங்கிலீஷில் பேசினார். இருவருக்கும் அது சொந்தப் பாஷை இல்லாததால் நிறுத்தி நிறுத்திப் பேசி நன்றாகவே புரிந்துகொண்டோம்.

அட்டையை நீட்டினேன். அவர் அந்தப் பத்திரிகையைப் பார்த்ததே இல்லை. சுருளை அவரே கழுவுவார். பெரிதாக்கிப் போடும் கருவி அவரிடம் இல்லை. சித்தூர் ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிடுவார், அங்கிருந்தே படம் ரயிலில் மதராஸுக்குப் போய்விடும். இது உங்களுக்கு யார் என்று கேட்டார். அண்ணன் என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"படம் என்னுடையது. இந்தக் கண்கள் என்னுடையவை அல்ல" என்றார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். அடுத்த ரயிலில் சித்தூருக்கு வந்தோம். அண்ணனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஊரில் படப் பத்திரிகைகள் பெரிதாக நடந்ததாம். சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு கோர்ட்டிலும் தெருவிலும் ஜனங்கள் அறியாமல் அவர்கள் இருக்கிறபடியே எடுப்பதை அங்கேதான் கற்றாராம். பிறகு வந்த அரசாங்கம் யூதர்கள் பத்திரிகையில் வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. அவரோடு இருந்தவர்கள் ஆளுக்கொரு தேசமாகச் சிதறினார்கள், இவர் கப்பலேறி பம்பாய்க்கு வந்து அங்கிருந்து மதராஸுக்கு வந்தார். தாயார் மட்டும் ஊரை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாராம்.

இவரைப் போல வந்தவர்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் வந்த பிறகு நம் பத்திரிகைகளில் கலெக்டர்கள் குறைந்து மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். பஞ்சத்தில் படுத்திருந்தவர்கள், ரயில் கூரையில் உட்கார்ந்திருந்தவர்கள், காணிப்பாக்கத்துக் கோயில் குளத்தில் முங்கி எழுந்து மூச்சு வாங்குகிறவர்கள். நம் ஊர்க்காரர்களும் அதே வழியில் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். யார் எடுத்த படமானாலும், தண்ணீர் மோவாயில் வழிவதைக் கண்டால் இது அந்த ஜெர்மன் துரையின் வழி என்று எனக்குத் தோன்றும். அவருக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். மிஷன் பங்களாவில் ஒருநாள்கூட அவரை டீக்குக் கூப்பிட்டதில்லை. யுத்தம் தொடங்கியதும், ஜெர்மன்காரர்களிடமிருந்து தப்பி வந்தவரை ஜெர்மன்காரர் என்று சொல்லியே சர்க்கார் பிடித்துக்கொண்டு போயிற்று. கேமராவையும் எடுத்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சித்தூரில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் அந்தச் சாதுவான துரை கத்தினார். நெகட்டிவைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்டூடியோக்காரருக்கு ஏன் கத்துகிறார் என்றே புரியவில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நிறம். முகம் கறுத்து, தலைமுடி வெளுத்து, என் அண்ணன் கிழவனாகிப்போயிருந்தான். இரண்டு பக்கமும் இருந்தவர்களின் கண்கள் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. நடுவில் இரண்டு கோடுகள்தான் இருந்தன.

ஸ்டூடியோக்காரருக்கு வருத்தம். தெலுங்கும் தமிழுமாக என்னிடம் முறையிட்டார். துரைக்கு நம் முறை தெரியாது, தெரியாமல் எடுத்துவிட்டார், பேப்பரில் ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற படம், அதனால் சரிசெய்து அனுப்பினேன் என்றார்.

"சிலைக்கே கண்ணு தெறந்தாதாம்மா சாமி. ரெண்டு பேரு முழிச்சினு கீறாங்க, இவுரு மட்டும் மூடினு கீறாரு. பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சி. உயிரோட கீறவங்களுக்கு நான் கண்ணு எழுதமாட்டேம்மா."

தூரிகை வைத்த கண்ணைப் பார்த்துத்தான் பத்திரிகைக்காரர்கள் மீண்டவர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். அவரை அடிக்கவேண்டும் போல் எனக்கு இருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒரு துளிக் கள்ளமும் இல்லை. அம்மாவுக்குச் செய்ததைத்தான் அண்ணனுக்கும் செய்திருக்கிறார்.

"எங்க நைனா அந்தக் கண்ணைப் பாத்துக்கினுதான் உயிரோட கீறாரு" என்றேன்.

படத்தில் இருப்பவர் உபதேசியார் மகனா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அவர் உள்ளே போய் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் போட்டு, ஈரம் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை தூரிகையைத் தொடவில்லை.

தெருவில் வெயில் இறங்கியிருந்தது. துரை என் பக்கத்தில் நடந்து வந்தார். கடைத்தெரு தாண்டியதும் நின்றார். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னார். அலிபிரியில் அவருக்கு ஊசி போட்டதே அண்ணன்தானாம். போட்டுக்கொண்டே கேமராவைப் பார்த்து, என்னை ஒரு படம் எடுங்கள், எங்கள் நைனாவுக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டானாம். இவர் மறுத்துவிட்டார். கேமராவைப் பார்த்து நிற்கிறவர்களை நான் எடுப்பதில்லை என்றாராம். அது அவர் தொழில் விதி. சில நாள் கழித்து மண்டபத்துப் பக்கம் போனபோது அண்ணன் தூணில் சாய்ந்திருந்தான். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டிருந்தவன் அவனும் நோயில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டிருக்கிறான். உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

எதையும் தொடாமல், மாற்றாமல் எடுக்கவேண்டும் என்பதும் அவர் தொழில் விதிதான். அன்றைக்கு அதை மீறினாராம். முதலில் குனிந்து கண்ணை மூடினேன், பிறகுதான் எடுத்தேன் என்றார். அவன் கேட்ட படத்தை இப்படியாவது எடுக்கவேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் எடுத்திருக்க முடியாது என்றார்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் கண்ணை வெளியார் மூடமாட்டார்கள். பெற்றவர்களோ பிள்ளைகளோ கூடப் பிறந்தவர்களோதான் மூடவேண்டும். கண்ணை மூட ஆளில்லாமல் போனான் என்றால் அதைவிடக் கேடான சாவு இல்லை. நைனா எத்தனையோ பேருக்கு அடக்க ஜெபம் செய்தவர். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நீங்களும் வரவேண்டும் என்று துரையைக் கூப்பிட்டேன்.

நைனா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவன் எங்கே என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் கையை மட்டும் நீட்டினார். படத்தைக் கொடுத்தேன். ஆணியில் இருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தார். மடியில் இருந்ததைப் பார்த்தார். அட்டையில் கண்ணை எழுதியது யார் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெருவிரலால் அந்த இமைகளைத் தடவினார். தெருவில் மாடுகள் வீடு திரும்பும் சத்தம் கேட்டது. நைனா தலையைத் தூக்கினார்.

"யாரு மூடினது?"

துரை வாசலிலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இவர்தான் நைனா என்றேன். பிறகு அண்ணன் படம் கேட்டதை, இவர் மறுத்ததை, மண்டபத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. நைனா இடையில் ஒரே ஒரு தடவை என்னை நிறுத்தினார்.

"எனக்கு அனுப்பறதுக்கா கேட்டான்? எனக்கா?"

உங்களுக்குத்தான் என்றேன்.

அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். வீங்கிய காலோடு சுவரைப் பிடித்து வாசலுக்கு நடந்தார். துரையின் வலது கையை இரண்டு கையாலும் எடுத்துப் புரட்டி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தன் இடது கண்ணில் ஒற்றினார், வலது கண்ணில் ஒற்றினார், அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். துரைக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது. நைனாவின் கண்ணீர் மணிக்கட்டு வழியாக அவருடைய கோட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.